சான்று பெற்ற ஹாஃப் மாரத்தான் ரூட்டில் வாட்ச் 21.38 காட்டுது, அடுத்த ரேஸ் புழுக்கத்தில்: ரூட், ஷூ, தண்ணி பற்றி ஆலோசனை வேணும்

விடியல்வேகம்:

வணக்கம். ரெண்டு கேள்வி, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டதால ஒரே இடத்தில் கேட்டுடறேன்.

இலக்கு ஹாஃப் மாரத்தான் (21.0975 கி.மீ.) 2 மணி நேரத்துக்குள். வாட்ச்சில் சராசரி பேஸ் 5:40 (கி.மீ.க்கு 5 நிமிஷம் 40 நொடி) காட்டுற மாதிரியே ஓடினா 1:59:33 வரணும். ஆனா சிப் டைம் (நான் தொடக்கக் கோட்டைத் தாண்டினதிலிருந்து முடிவுக் கோடு வரைக்கும்) 2:01:09. வாட்ச் காட்டின மொத்த தூரம் 21.38 கி.மீ. ரூட் முறைப்படி அளந்து சான்று வாங்கினதுன்னு ரேஸ் பக்கத்தில் போட்டிருக்காங்க. கூட ஓடினவங்க வாட்ச்சிலும் 21.30-ல இருந்து 21.45 வரைக்கும் வந்திருக்கு. எல்லாருக்கும் கூடுதலா வந்தா ரூட்தானே நீளம்?

அடுத்த ரேஸ் 10 வாரத்தில். வெயிலும் புழுக்கமும் இருக்கும், மழையும் வரலாம். பயிற்சிக்கு ரெண்டு ரூட் இருக்கு. ஒண்ணு பூங்காவைச் சுத்தி 1.4 கி.மீ. வட்டம், பாதி பேவர் பிளாக், பாதி தார். இன்னொண்ணு நேர் சாலை, போய்த் திரும்பினா 12 கி.மீ., நடுவில் ஒரு மேம்பாலம். எந்த ஓட்டத்தை எதில் வச்சுக்கறது? மழை வந்தா கார்பன் பிளேட் ஷூ (சோலுக்குள்ள விறைப்பான கார்பன் தகடு வச்ச ரேஸ் ஷூ) சரிப்படுமா? தண்ணி எவ்வளவு?

சக்கரக்கணக்கு:

ரூட்டும் நீளமில்லை, வாட்ச்சும் பழுதில்லை. ரெண்டும் வேற வேற கோட்டை அளக்குது, அவ்வளவுதான்.

சாலை ரேஸ் ரூட்டை ஜிபிஎஸ் வச்சு அளக்கறதில்லை, சைக்கிள் வச்சு அளக்கறாங்க. முன்சக்கர அச்சில் ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்ன எண்ணி இருக்கும். ஸ்டீல் டேப்பால் அளந்த ஒரு நேர்கோட்டில் நாலு தடவை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கைன்னு முதல்ல பிடிச்சுக்குவாங்க. அப்புறம் ரூட் முழுக்க ஓட்டி, முடிச்ச கையோட மறுபடி அதே நேர்கோட்டில் நாலு தடவை. வெயில் ஏற ஏற டயருக்குள்ள காத்து விரியும், சக்கரச் சுற்றளவு துளி கூடும், அதே தூரத்துக்கு எண்ணிக்கை குறையும். அதைச் சரிபண்ணத்தான் முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிப் பார்க்கறது.

சைக்கிள் போற கோடு எதுன்னா, ஓடறவங்களுக்கு விதிப்படி கிடைக்கிற மிகக் குறுகிய வழி. வளைவில் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ., ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் சாலையைக் குறுக்கே வெட்டி நேர்கோடு. அதோட 0.1 சதவீதம் சேர்ப்பாங்க, எந்தக் காரணத்தாலும் தூரம் குறைஞ்சிடக் கூடாதுன்னு. ஹாஃபில் அது சுமார் 21 மீட்டர், ஃபுல்லில் 42 மீட்டர்.

உங்க கூடுதல் 282 மீட்டர். அதில் 21 ரூட்டோடது. மிச்சம் 260-ஐ உங்க காலும் வாட்ச்சும் பங்கு போட்டுக்கிட்டது.

கால் பங்கு: ஒரு செங்கோணத் திருப்பத்தில் குறுகிய கோட்டுக்கு 6 மீட்டர் வெளியே ஓடினா ஏறக்குறைய 9 மீட்டர் கூடும். பத்து திருப்பத்துக்கு 90 மீட்டர். கூட்டத்தில் ஆளைத் தாண்ட இடமும் வலமும் நெளியறது, தண்ணி மேசைக்கு ஒதுங்கறது எல்லாம் தனி. வாட்ச் பங்கு: நொடிக்கு ஒரு புள்ளி வைக்குது, ஒவ்வொண்ணும் சில மீட்டர் பக்கவாட்டில் தவறலாம். நேரா ஓடினாலும் புள்ளிகளைச் சேர்த்தா கோணல்மாணல் கோடுதான் வரும், கோணல் கோடு எப்பவும் நேர்கோட்டைவிட நீளம். அதனாலதான் எல்லார் வாட்ச்சும் ஒரே பக்கமா, கூடுதலாவே தப்புது. உயரக் கட்டடம், மேல கவிஞ்ச மரங்கள் இருந்தா சிக்னல் பட்டுத் தெறிச்சு வந்து இன்னும் மோசம். ரெண்டு அலைவரிசை பிடிக்கிற வாட்ச்சில் குறையும், ஆனா பூஜ்யம் ஆகாது.

சான்று விஷயத்தில் இன்னொண்ணு. தூரம் சரின்னு சான்று இருக்கறதும், அந்த ரூட்டில் சாதனை செல்லும்கறதும் வேற வேற. சாதனைக்கு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்கோட்டு இடைவெளி ரேஸ் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல போகக் கூடாது. 2011 பாஸ்டன் மாரத்தானில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02 ஓடினார். அன்னைக்கு இருந்த உலக சாதனை 2:03:59. ஆனாலும் ஏத்துக்கலை, காரணம் பாஸ்டன் ரூட் இந்த ரெண்டிலும் அடிபடுது. நமக்கு இது எதுக்குன்னா, ரேஸ் தேர்ந்தெடுக்கும்போது மொத்த இறக்கத்தையும் காத்துத் திசையையும் பாருங்க. ஒரே திசையில் போற ரூட்டில் காத்து முதுகில் இருந்தா 2 மணி நேரம் உடையறது சுலபம், எதிரில் இருந்தா அதே ரூட் கொல்லும்.

கடைசிவரிபேஸர்:

மேல சொன்னது சரி. ரேஸ் அன்னைக்கு என்ன செய்யறதுன்னு நான் சொல்றேன்.

2 மணிக்கு உண்மையான பேஸ் 5:41. வாட்ச் 21.38 அளக்கும்னா அதில் 5:36-5:37 தெரியணும். ஆனா எவ்வளவு தப்பும்னு முன்கூட்டியே தெரியாது. அதனால பேஸையே நம்பாதீங்க. ஒவ்வொரு கி.மீ.க்கும் வாட்ச்சே நேரம் பிரிக்கற ஆட்டோ லேப்பை அணைங்க. கி.மீ. பலகை வரும்போது நீங்களே லேப் பட்டனை அமுக்குங்க. திரையில் ரெண்டே எண்: ஓடிய மொத்த நேரம், இந்த லேப் நேரம். கையில் பேனாவால் நாலு வரி எழுதிக்குங்க:

5 கி.மீ. 28:26
10 கி.மீ. 56:53
15 கி.மீ. 1:25:19
20 கி.மீ. 1:53:45

இது சரியா 2:00:00-க்கான கணக்கு. 15-ல் அரை நிமிஷம் முன்னாடி இருந்தா போதும். பலகைகள் சில சமயம் பத்து இருபது மீட்டர் தள்ளி நட்டிருப்பாங்க, ஒரு லேப் 5:30-ம் அடுத்தது 5:50-ம் வந்தா பதறாதீங்க. 5 கி.மீ. கணக்கு மட்டும் பாருங்க.

பேஸர் (இலக்கு நேரம் எழுதின கொடியோட அதே வேகத்தில் ஓடறவர்) பின்னாடி போறீங்கன்னா அவர் கன் டைமுக்கு (ரேஸ் தொடங்கின நொடியிலிருந்து எண்ணற நேரம்) ஓடறாரா சிப் டைமுக்கா, தொடங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. நீங்க கோட்டைத் தாண்டினது அவருக்கு ஒரு நிமிஷம் கழிச்சுன்னா, அவரைத் துரத்திப் பிடிக்கற அந்த ரெண்டு கி.மீ.தான் 18-ல வந்து வட்டி கேக்கும்.

விடியல்வேகம்:

தெளிவா புரிஞ்சுது, ரொம்ப நன்றி. பூங்கா வட்டம் 1.4-ங்கறதும் வாட்ச் சொன்னதுதான். அதை நானே சரியா அளக்க வழி இருக்கா? ஜோன்ஸ் கவுண்டர் எல்லாம் இல்லை, சாதாரண சைக்கிள் மீட்டர் இருக்கு.

சக்கரக்கணக்கு:

தாராளமா. மீட்டருக்கு சக்கரச் சுற்றளவைக் கொடுக்கணும், அதை டயர் அட்டவணையிலிருந்து எடுக்காதீங்க. ஓட்டப் போற அளவுக்குக் காத்தடிச்சு, வால்வு தரையைத் தொடற இடத்தில் சாக்பீஸ் கோடு. சைக்கிள் மேல உட்கார்ந்து நேரா 10 சுத்து உருட்டி, வால்வு மறுபடி கீழ வந்ததும் அடுத்த கோடு. நடுவில் உள்ளதை டேப்பால் அளந்து 10-ஆல் வகுத்தா சுற்றளவு. ஆள் உட்காராம உருட்டினா டயர் நசுங்காது, சுற்றளவு கூடுதலா வரும். பல பேர் கோட்டை விடறது இங்கதான்.

அப்புறம் வட்டத்தை மூணு தடவை, உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ.யில், நெளியாம ஓட்டுங்க. மீட்டர் 10 மீட்டருக்கு ஒரு தடவைதான் மாறும்னா மூணு வட்டத்தையும் நிறுத்தாம ஓட்டி மொத்தத்தை மூணால் வகுங்க.

ஓடும்போது 1 மீட்டர் வெளியே ஓடினா வட்டத்துக்கு 6.28 மீட்டர் கூடும். வட்டம் பெருசோ சிறுசோ, இந்த 6.28 மாறாது. இதனாலதான் 400 மீட்டர் டிராக்கில் ரெண்டாவது லேனில் ஓடினா 407 மீட்டர் ஆயிடுது.

கடைசிவரிபேஸர்:

எந்த ஓட்டம் எங்கன்னு கேட்டிருந்தீங்க. வட்டத்தை அளந்ததும் அது உங்க ஆய்வுக்கூடம். ரேஸ் பேஸ் பயிற்சி அங்க: 5:38-ல் 1.4 கி.மீ.க்கு 7:53. மூணு வட்டம் 23:40, நடுவில் 3 நிமிஷம் மெதுஓட்டம், இப்படி மூணு செட். முதல் வட்டம் 7:40 வந்தா உற்சாகப்படாதீங்க, மூணாவது செட்டில் 8:10 ஆகும். லேப் பட்டனை எப்பவும் ஒரே இடத்தில் அமுக்குங்க.

நீண்ட ஓட்டமும் புழுக்கக் காலத்தில் வட்டத்தில்தான். அலுப்பா இருக்கும், வேற வழியில்லை: 1.4 கி.மீ.க்கு ஒரு தடவை பாட்டில் கிடைக்கும், உடம்பு முடியலைன்னா வீடு பக்கம். 13 வட்டம் 18.2 கி.மீ. நாலு வட்டத்துக்கு ஒரு தடவை திசையை மாத்துங்க. ஒரே பக்கமா திரும்பிக்கிட்டே இருந்தா உள்பக்கக் காலுக்கும் வெளிப்பக்கக் காலுக்கும் வேலை சமமா இருக்காது, இடுப்போ முட்டியின் வெளிப்புறமோ சில வாரத்தில் சொல்லிடும்.

நேர் சாலை டெம்போ ஓட்டத்துக்கு (ஒரே சீரா, கொஞ்சம் கஷ்டமான வேகத்தில் ஓடற பயிற்சி). சாலை ஓரம் தண்ணி வடிய சரிவா இருக்கும். ஓரத்தை ஒட்டியே ஓடினா ஒரு கால் எப்பவும் பள்ளத்தில் இருக்கு. போகும்போதும் வரும்போதும் எதிர்ல வர வண்டியைப் பார்த்துத்தான் ஓடணும், அதனால ரெண்டு திசையிலும் அதே கால்தான் பள்ளத்தில். வண்டி இல்லாத நேரமா போய், சரிவு குறைஞ்ச பட்டையில் ஓடுங்க. கிடைக்கலைன்னா அந்த ரூட் வாரம் ஒரு தடவைக்கு மேல வேண்டாம்.

மேம்பாலத்தை மலையா பயன்படுத்துங்க. ஏறும்போது பேஸைப் பிடிச்சு வைக்கணும்னு நினைக்காம மூச்சை ஒரே அளவில் வைங்க, பேஸ் தானா விழும். இறங்கும்போது அதை மொத்தமா திருப்பி எடுக்கணும்னு பாய வேண்டாம். ஏத்தத்தில் போனது இறக்கத்தில் முழுசா வராது, தொடைதான் நையும்.

வியர்வைத்தராசு:

தண்ணீர் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. “ஒவ்வொரு மேசையிலும் ஒரு கப்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆளுக்கு ஆள் வியர்வை அளவு இரண்டு மூன்று மடங்கு வேறுபடும். அளந்து பாருங்கள், ஒரு எடைபார்க்கும் கருவி போதும்.

ரேஸ் நேரத்தை ஒத்த வெப்பத்தில், ரேஸ் பேஸுக்கு அருகில், 1 மணி நேரம் ஓடுங்கள். முன்னும் பின்னும் ஆடையின்றி, உடம்பைத் துடைத்துவிட்டு எடை. முன்பு 68.0, பின்பு 67.1, இடையில் குடித்தது 300 மி.லி. என்றால் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். ஈரமான உடையோடு நின்றால் வியர்வையையும் சேர்த்து எடை போடுவீர்கள், கணக்கு குறைவாக வரும்.

1.2 லிட்டர் போனால் 1.2 லிட்டர் குடிக்க வேண்டும் என்பதில்லை. ஓடும் வயிறு அவ்வளவு ஏற்காது, உடம்பு எடையில் 2 சதவீதம் வரை குறைவது இரண்டு மணி நேர ஓட்டத்தில் பெரும்பாலோர்க்குத் தாங்கக்கூடியதே. 68 கிலோவுக்கு அது 1.36 கிலோ. இரண்டு மணி நேரத்தில் 2.4 லிட்டர் வியர்த்தால், சுமார் 1 லிட்டர் போதும்: மேசைக்கு 120 முதல் 150 மி.லி., ஏழு எட்டு மேசை. தாகத்தையும் கேளுங்கள்.

மீறிக் குடிப்பதில் உள்ள ஆபத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அதோடு வலுவாகத் தொடர்பிருந்தது ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததுடன், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்ததுடன். எலெக்ட்ரால் வகைக் கரைசல் குடித்தால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. அதிலும் ரத்தத்தைவிட உப்பு குறைவு, அளவு மீறினால் அதுவும் நீர்க்கவே செய்யும். மெதுவாக, நான்கைந்து மணி நேரம் ஓடுபவர்களுக்கே இது அதிகம் வரும், ஏனென்றால் குடிக்க நேரம் நிறைய.

புழுக்கம் ஏன் வெயிலைவிடப் பொல்லாதது? ரேஸ் நிர்வாகிகள் பார்க்கும் டபிள்யூபிஜிடி என்ற வெப்ப அழுத்தக் குறியீட்டில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 70 சதவீத எடை, கதிர்வீச்சுக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது சொட்டிக் கீழே விழும், ஒரு பயனும் இல்லை. எனவே வானிலைச் செயலியில் வெப்பநிலையைவிட டியூ பாயின்ட்டை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். அது 24 டிகிரியைத் தாண்டினால் 2 மணி இலக்கை அன்றைக்கு மறந்துவிடுவது நல்லது. குறைந்தது முதல் 5 கி.மீ.யாவது கிலோமீட்டருக்கு 15 நொடி மெதுவாகப் போங்கள்.

உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும்: தினமும் ஒரு மணி நேரம், வெப்பத்தில், மெதுவாக. 10 வாரம் இருக்கிறது என்று இப்போதே தொடங்கினால் பழக்கம் கரைந்துவிடும். கடைசி மூன்று வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ரேஸுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஓய்வு.

கூட ஓடும் ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை அமிழ்த்துவது, இல்லையேல் உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீர், ஈரத்துணி, விசிறி. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஈரசாக்ஸ்:

மழையும் ஷூவும் நம்ம டிபார்ட்மென்ட்.

கார்பன் பிளேட் ஷூ மழையில் ஓடும், ஆனா அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்க. எடை குறைக்கறதுக்காக சில மாடலில் ரப்பர் முன்பாதத்தில் மட்டும் ஒட்டியிருக்கும், மிச்சம் வெறும் ஃபோம். ஈர பேவர் பிளாக்கில் அந்த ஃபோம் வழுக்கும். நிழல்ல இருக்கிற பேவர் பிளாக்கில் மழை நின்ன ரெண்டு நாள் கழிச்சும் பாசி இருக்கும், வட்டத்தில் வேகப்பயிற்சின்னா தார்ப் பாதியை மட்டும் வேகமா ஓடுங்க. ரோட்டில் வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, மேம்பால இரும்பு இணைப்பு, இந்த மூணு மேலயும் ஈரத்தில் கால் வைக்கும்போது திரும்பாதீங்க, நேரா தாண்டுங்க. உயரமான சோல் வேற, திருப்பத்தில் கணுக்கால் ஆடும். போட்டி விதிப்படி சாலை ஷூவுக்கு 40 மி.மீ. வரை அனுமதி, நிறைய மாடல் அதை ஒட்டியே நிக்குது. ரேஸுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அந்த ஷூவில் மழையில் ஓடிப் பாருங்க.

தண்ணி புகாத ஷூன்னு விக்கறதை வெதுவெதுப்பான மழைக்கு வாங்காதீங்க. தண்ணி மேல கணுக்கால் வழியா உள்ள போகும், போனது வெளிய வராது, ரெண்டு கி.மீ.யில் காலில் வாளி கட்டின மாதிரி ஆயிடும். மெல்லிய வலைத்துணி ஷூ, செயற்கை நூல் சாக்ஸ், ஈரம் உள்ள வரும், மிதிக்க மிதிக்க வெளிய போகும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தோலை உரசிக் கொப்புளம் போடும். பருத்தி டி-ஷர்ட்டும் வேண்டாம், பங்கேற்பாளர் கிட்டில் குடுக்கற புது டி-ஷர்ட்டை அன்னைக்கே போட்டுக்கிட்டு ஓடறதும் வேண்டாம். வெளிர் நிற ஸிங்லெட் (கையில்லாத ஓட்டச் சட்டை), அவ்வளவு போதும். ரெயின்கோட் ஸ்டார்ட் லைன் வரைக்கும்தான், ஓடும்போது அதுக்குள்ள வியர்த்தே நனைவீங்க. முன்விளிம்பு வச்ச தொப்பி மழையிலும் வெயிலிலும் கண்ணைக் காப்பாத்தும்.

வாசலைன்: அக்குள், உள்தொடை, கால்விரல் நடுவில். ஆண்கள் மார்க்காம்பில் மறக்காம தடவுங்க, இல்லைன்னா டேப். உரசி ரத்தம் வர்றது வெயிலைவிட மழையில்தான் அதிகம். ஷூ முனையில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், ஓட ஓட பாதம் வீங்கும். வாட்ச் தொடுதிரைன்னா லாக் பண்ணிடுங்க, மழைத்துளி பட்டு ஓட்டமே பாஸ் ஆகி நின்ன கதை உண்டு.

நனைஞ்ச ஷூவைக் காய வைக்க: இன்சோலை உருவி வெளிய போடுங்க, நாக்கை முழுசா மலர்த்தி உள்ள செய்தித்தாளைக் கசக்கித் திணிங்க. ஒரு மணி நேரத்தில் தாள் ஈரத்தைக் குடிச்சிருக்கும், எடுத்துட்டுப் புதுசு வைங்க. ரெண்டாவது மாத்தலுக்கு அப்புறம் ஃபேன் காத்து. ஹீட்டர், ஹேர் டிரையர், மொட்டை வெயில் எதுவும் வேண்டாம், பசை விட்டுடும், ஃபோம் சுருங்கும். மழைக்காலத்தில் ரெண்டு ஜோடி மாத்தி மாத்திப் போடறது ஆடம்பரமில்லை.

பனிமூச்சு:

இடையில் நுழையறதுக்கு மன்னிக்கணும். இதே கேள்வி எனக்குத் தலைகீழ். ரேஸ் காலை 3 டிகிரியில், காத்தும் அடிக்கும். ஈரசாக்ஸ் அண்ணா, என்ன போடறது?

ஈரசாக்ஸ்:

10 டிகிரி கூடுதலா இருக்குன்னு நினைச்சு உடுத்துங்க தம்பி. 3-க்கு நீங்க 13-க்கான உடை: முழுக்கை மெல்லிய செயற்கைத் துணி, கையுறை, காது மூடுற பட்டை, தொடைக்கு டைட்ஸ். ஸ்டார்ட் லைனில் நடுங்கணும், ரெண்டாவது கி.மீ.யில் சரியாகணும். அங்கயே கதகதப்பா இருந்தா ஆறாவதில் வேகறீங்க. நிக்கற நேரத்துக்குப் பழைய ஸ்வெட்டர், அல்லது தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்ட பெரிய குப்பைப் பை, தொடங்கும்போது கழட்டி ஓரமா போட்டுடலாம்.

பயிற்சியில் போய்த் திரும்பற ரூட்டுன்னா முதல் பாதியைக் காத்துக்கு எதிரா ஓடுங்க. வியர்த்து நனைஞ்ச உடம்போட எதிர்காத்தில் திரும்பினாத்தான் விறைக்கும். சாதாரண ஷூ சோலில் இருக்கற ஈவிஏ ஃபோம் குளிரில் இறுகிடும், மென்மையான ஷூகூட முதல் ரெண்டு கி.மீ. பலகை மாதிரி தோணும், ராத்திரி ஷூவை வீட்டுக்குள்ள வைங்க, கார் டிக்கியில் வேண்டாம். ரேஸ் ஷூ பலதில் வர்ற பீபா ஃபோமில் இந்தத் தொந்தரவு கம்மி.

இருட்டில் ஓடறதா இருந்தா, ஒளி பட்டா மின்னற பட்டையை மார்பில் மட்டும் கட்டாம கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுங்க. மேலும் கீழும் ஆடற வெளிச்சத்தைப் பார்த்ததும் அது மனுஷன்னு வண்டி ஓட்டறவருக்குச் சட்டுனு பிடிபடும். மார்பில் அசையாம இருக்கற பட்டை தூரத்திலிருந்து போர்டோ கம்பமோன்னு தோணலாம்.